துப்பாக்கிக்குப் பூச்சு அடித்தல்: நிறத்துக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கடலோரச் சதுப்பு நிலங்களிலும் செசபீக் விரிகுடாவின் கரையோரங்களிலும் குளிர்காலத்தில் வாத்து வேட்டைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சிறு குண்டுகளைச் சிதறச் சுடும் ஷாட்கன்னையே எடுத்துச் செல்கிறார்கள். அந்தத் துப்பாக்கி காலை முழுவதும் உவர்நீர்த் தெறிப்பில் நனைந்து, படகின் அடித்தட்டில் சேற்றோடு கிடந்து, ஈரக் கைகளில் இருந்து, மாலையில் பல வேளைகளில் துடைக்கப்படாமலே உறைக்குள் போய்விடுகிறது. மறுநாள் உறையைத் திறந்தால், குழலின் மேற்பகுதியிலும் இயங்கு பாகங்கள் அடங்கிய, கை படும் ரிசீவர் என்னும் கூட்டின் பக்கங்களிலும் செம்பழுப்பு நிறத்தில் பொட்டுப் பொட்டாகத் துரு தெரியும். துப்பாக்கிக்குப் பெயின்ட் என்றதும் இலையும் தழையுமாக வரைந்த கேமஃப்ளாஜ் வேலைப்பாடே பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் இந்தப் பூச்சுகளை முதன்முதலில் நாட வைத்தது துருதான். நிறங்களின் ஆசை பின்னால் வந்து சேர்ந்தது.

இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜனும் ஈரமும் போதும். உப்பு சேர்ந்தால் வேகம் கூடிவிடும். வியர்வையிலும் அதே உப்பு இருப்பதால், சிலருடைய விரல் ரேகை துப்பாக்கியின் மேல் ஓரிரவிலேயே துருவாகப் பதிந்துவிடுவதும் உண்டு. இதைத் தடுக்கவே தொழிற்சாலையில் எஃகுப் பாகங்களுக்கு ஏதேனும் ஒரு மேற்பரப்பு வேலை செய்து அனுப்புகிறார்கள். அவற்றுள் பழக்கமானது ப்ளூயிங். கொதிக்கும் காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த கரைசலில், ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எஃகை முக்கி வைக்கும்போது, அதன் மேற்பரப்பு மேக்னடைட் எனப்படும் கறுப்பு ஆக்சைடாக மாறுகிறது. பழைய வேட்டைத் துப்பாக்கிகளின் ஆழ்ந்த கருநீலப் பளபளப்பு இதுவே. பார்வைக்கு இதை மிஞ்ச வேறொன்று இல்லை என்றே சொல்லலாம். ஆனால் படலம் மிக மெல்லியது, நுண்துளைகள் உள்ளது. உண்மையில் துருவைத் தடுப்பது அதன்மேல் தடவி வைக்கும் எண்ணெய்தான். எண்ணெய் போனால் காவலும் போய்விட்டது என்று கொள்ள வேண்டும்.

அடுத்தது பாஸ்பேட் பூச்சு. 1915இல் டெட்ராய்ட் நகரில் தொடங்கப்பட்ட பார்க்கர் ரஸ்ட் புரூஃப் நிறுவனத்தின் பெயரால் இதைப் பார்க்கரைசிங் என்கிறார்கள். மாங்கனீசு அல்லது துத்தநாக பாஸ்பேட் எஃகின்மேல் நுண்ணிய படிகங்களாகப் படிந்து, சொரசொரப்பான சாம்பல் நிறத் தளத்தை உண்டாக்குகிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகள் ஏந்திய எம்1 கேரண்ட் ரைபிள்கள் இப்படிப் பூசப்பட்டவை. படிகங்களுக்கு இடையிலுள்ள இடுக்குகள் எண்ணெயை உறிஞ்சிப் பிடித்துக்கொள்கின்றன. எண்ணெய்க்குப் பதிலாகப் பெயின்ட்டை அடித்தால் அதையும் அவ்வாறே பிடித்துக்கொள்கின்றன. பெயின்ட்டுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த அடித்தளங்களில் பாஸ்பேட் ஒன்று என்பதை ராணுவங்கள் வெகுகாலத்துக்கு முன்பே கண்டுகொண்டன. பிரிட்டிஷ் படையின் எல்1ஏ1 ரைபிள்களில் பாஸ்பேட்டின் மேல் சூளையில் உலர்த்திய கறுப்புப் பெயின்ட் இருந்தது. மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையிலிருந்து வந்த லீ-என்ஃபீல்டு ரைபிள்கள் பலவற்றிலும் அந்தக் கறுப்புப் பெயின்ட்டைக் காணலாம். ஆகவே துப்பாக்கிக்குப் பெயின்ட் அடிப்பது நேற்று முளைத்த நாகரிகம் என்று யாரேனும் முகம் சுளித்தால், அவர் ராணுவ ரைபிளை அருகில் வைத்துப் பார்த்ததில்லை என்று பொருள்.

ப்ளூயிங்கும் பாஸ்பேட்டும் உலோகத்தின் மேற்பரப்பையே வேறொன்றாக மாற்றுகின்றன. பெயின்ட் அப்படிச் செய்வதில்லை. உலோகத்துக்கும் ஈரத்துக்கும் நடுவே ஒரு தடுப்புச் சுவராக நிற்கிறது. எனவே அதன் ஆயுள் இரண்டு கேள்விகளைப் பொறுத்தது: சுவரில் ஓட்டை இருக்கிறதா, சுவர் தரையோடு ஒட்டியிருக்கிறதா. பின்னால் வரப்போகும் எல்லா விதிகளும் இந்த இரண்டிலிருந்தே பிறக்கின்றன.

சந்தையில் கிடைப்பவற்றுள் எளியது கடையில் வாங்கும் ஸ்ப்ரே டப்பா. ரஸ்ட்-ஓலியம், கிரைலான் போன்ற நிறுவனங்களின் பளபளப்பற்ற கேமஃப்ளாஜ் பெயின்ட்டை ரைபிள்மேல் நேரடியாக அடிக்கும் வேட்டைக்காரர்கள் ஏராளம். விலை மலிவு, பிடிக்காவிட்டால் கரைப்பானால் துடைத்துவிடலாம். அந்த எளிமையே அதன் குறையும்கூட, ஏனெனில் துப்பாக்கியைச் சுத்தம் செய்யப் பயன்படும் கரைப்பானும் அதே வேலையைச் செய்துவிடும். ஒரு பருவத்துக்கு நிறம் மாற்றிக்கொள்ள அது போதும். நீண்டகாலப் பாதுகாப்புக்குப் போதாது. இதற்கு ஒரு படி மேலே, டப்பாவிலேயே வரும் எப்பாக்சி வகை இருக்கிறது. பிரௌனெல்ஸ் நிறுவனம் விற்கும் அலுமா-ஹைட் 2 இவ்வகையில் பெயர் பெற்றது. அடுப்பு தேவையில்லை என்பது இதன் வசதி; முழுவதும் இறுக ஒரு வாரமோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும் என்பது இதற்காகத் தர வேண்டிய விலை.

மூன்றாவது, இரண்டு பாகங்களைக் கலந்து ஸ்ப்ரே கன்னில் அடிக்கும் வகை. டியூராகோட் இப்படிப்பட்டது, 12 பங்கு பெயின்ட்டுக்கு 1 பங்கு ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) கலந்து அடித்தால், தொட்டுப் பார்க்கும் அளவுக்கு விரைவில் காய்ந்தாலும் முழு உறுதி வர வாரக்கணக்கில் ஆகும். நான்காவது, அடுப்பில் வைத்து இறுக்கும் வகை. கன்-கோட் இதில் பழையது. இன்று அமெரிக்கப் பட்டறைகளில் அதிகம் கேட்கப்படும் பெயர் ஓரிகன் மாநிலத்தில் தயாராகும் செராகோட். பாலிமரில் பீங்கான் நுண்துகள்களைக் கலந்த இந்தப் பூச்சின் வழக்கமான வரிசையை ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸில் 2 மணி நேரம் சுட வேண்டும். சைலன்சர் போன்ற கடும் சூட்டுப் பாகங்களுக்கென்று காற்றிலேயே இறுகும் தனி வரிசையும் அதில் உண்டு.

நம் ஊர்க் கேட்டுக்கும் பீரோவுக்கும் செய்யும் பவுடர் கோட்டிங்கைத் துப்பாக்கிக்கு ஏன் செய்யக்கூடாது என்ற கேள்வி இயல்பாக எழும். அதன் படலம் தடித்தது; பொதுவாக 50 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல், பல நேரங்களில் 100 மைக்ரான்கூட வரும். சுடும் வெப்பமும் 180 முதல் 200 டிகிரி வரை போகும். கேட்டுக்கு இவை இரண்டும் பொருட்டல்ல. ஒன்றுக்குள் ஒன்று உராய்ந்து நகரும் பாகங்கள் உள்ள இயந்திரத்துக்கு இவை இரண்டுமே சிக்கல்.

தடிமன் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கைத்துப்பாக்கியின் மேல் முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடை வைத்துப் பார்க்கலாம். துப்பாக்கிச் சட்டகத்தின் தண்டவாளம் போன்ற விளிம்பு, ஸ்லைடில் வெட்டப்பட்ட பள்ளத்துக்குள் ஓடுகிறது. செராகோட் போன்ற பூச்சு நன்றாக அடிக்கப்பட்டால் ஒரு பரப்பில் 25 மைக்ரானுக்குள் இருக்கும். விளிம்பின் மேலும் கீழும் இரண்டு படலம், பள்ளத்தின் இரு சுவர்களிலும் இரண்டு படலம், மொத்தம் நான்கு. 25ஐ நான்கால் பெருக்கினால் 100 மைக்ரான், அதாவது 0.1 மில்லிமீட்டர் இடைவெளி காணாமல் போய்விடும். இறுக்கமாகப் பொருத்தப்பட்ட துப்பாக்கியில் அந்த அளவு இடைவெளியே இருக்காது. ஸ்லைடு பாதியில் சிக்கி நிற்கும். அடர்த்தியாக அடித்தால் பாதுகாப்பு கூடும் என்று நினைத்து இன்னொரு கை, இன்னொரு கை என்று போட்டுக்கொண்டே போவது இங்கே நன்மை தராது.

இதனால்தான் எந்த இடத்தில் பூச்சு படக்கூடாது என்ற பட்டியல் எந்த நிறம் என்பதைவிட முக்கியமாகிறது. குழலின் உட்புறமும் தோட்டா அமரும் அறையும் எக்காரணத்தாலும் பூச்சு காணக்கூடாதவை. தோட்டா அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டின் முகம், அதன் பூட்டிக்கொள்ளும் காதுகள், தோட்டாவை வெடிக்க வைக்கும் ஊசியும் அது ஓடும் துளையும், விசையும் சுத்தியலும் ஒன்றையொன்று பற்றும் விளிம்புகள், ஸ்பிரிங்குகள், திருகு மரைகள் ஆகியவற்றையும் விட்டுவிட வேண்டும். விசைப் பற்றுவிளிம்பில் படியும் மெல்லிய படலம்கூட அதன் கோணத்தையும் உராய்வையும் மாற்றிவிடும். அங்கே வரும் கோளாறு, தானாக வெடிக்கும் அளவுக்குப் போகக்கூடியது. பூச்சு அடிப்பவர் விசைப் பகுதியைத் தனியே கழற்றி ஒரு டப்பாவில் போட்டு மூடி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குவதே நல்லது.

வெப்பத்தைத் தாங்கும் திறன் தேர்வின் அடுத்த படி. எஃகு 150 டிகிரியைப் பொருட்படுத்தாது. ஏஆர்-15 ரைபிளின் ரிசீவர் 7075 என்னும் வகை அலுமினியத்தில் ஆனது. வெப்பப் பதத்தால் உறுதி பெற்ற உலோகம் என்பதால், பூச்சு தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மேல் சூட்டை ஏற்றினால் அந்தப் பதம் கெடும். அதன்மேல் ஏற்கெனவே இருக்கும் அனோடைஸ் படலம் (மின்வேதி முறையில் உண்டாக்கிய ஆக்சைடு) நல்ல அடித்தளம். அதைச் சுரண்டி எடுக்கத் தேவையில்லை, லேசாகச் சொரசொரப்பாக்கினால் போதும். பாலிமர்ச் சட்டகங்களுக்கு 65 முதல் 80 டிகிரிக்குள் குறைந்த சூட்டில் வைத்து இறுக்கும் முறையோ, காற்றில் உலரும் பூச்சோதான் சரி. மரக்கட்டை, ரப்பர் வளையம், கண்ணாடிப் பார்வைக் கருவி ஆகியவை அடுப்புப் பக்கமே வரக்கூடாது.

பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகள் இதில் தனி வகை. அவற்றின் இரு குழல்களையும் நடுப்பட்டையையும் பெரும்பாலும் ஈயமும் தகரமும் கலந்த பற்றாசு கொண்டு ஒட்டியிருப்பார்கள். ப்ளூயிங் தொட்டியின் காரக் கரைசல் அந்தப் பற்றாசை அரித்து, பட்டையைக் கழற்றிவிடும். அதனாலேயே அத்தகைய துப்பாக்கிகளை மெதுவாகத் துருவேற்றி, வெந்நீரில் கொதிக்க வைத்துக் கறுப்பாக்கும் பழைய முறையில் புதுப்பிப்பார்கள். பெயின்ட்டும் இங்கே ஒரு வழிதான். ஆனால் ஈயத் தகரப் பற்றாசு 183 டிகிரியில் உருகத் தொடங்கும் என்பதால், வெப்பம் சரியாகக் காட்டாத பழைய அடுப்பில் அதை வைப்பது சூதாட்டம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: கோல்ட், வின்செஸ்டர் ஆகிய நிறுவனங்களின் பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்கள் தேய்ந்த அசல் ப்ளூயிங்குக்குத் தரும் விலையைப் புத்தம் புதுப் பூச்சுக்குத் தருவதில்லை. தாத்தா விட்டுச் சென்ற துப்பாக்கியை ஒரு மாலைப் பொழுதில் மணல் நிறமாக்கிவிட்டு, பிறகு அதன் சந்தை மதிப்பை விசாரிக்கிறவர்கள் அமெரிக்காவில் குறைவில்லை.

சட்டமும் இந்த இடத்தில் குறுக்கிடுகிறது. அமெரிக்காவில் 2002 முதல் தயாரிப்பாளர்கள் வரிசை எண்ணைக் குறைந்தது 0.003 அங்குல ஆழத்தில் பொறிக்க வேண்டும். அது ஏறத்தாழ 76 மைக்ரான். ஸ்ப்ரே டப்பாவால் நான்கைந்து முறை அடித்தால் அந்தப் பள்ளம் மங்கிவிடக்கூடும், பூச்சுக்கு முன் காற்றழுத்தத்தால் துகள் வீசித் தேய்க்கும்போது கவனம் தவறினால் எழுத்தின் ஓரங்கள் மழுங்கிவிடும். வரிசை எண்ணை அழிப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம் என்பதால், அந்தப் பகுதியை மறைத்து வேலை செய்வதும், முடிந்தபின் எண் தெளிவாகப் படிக்க வருகிறதா என்று பார்ப்பதும் வழக்கம். தம் சொந்தத் துப்பாக்கிக்குப் பூச்சு அடித்துக்கொள்ள அங்கே உரிமம் வேண்டியதில்லை. பிறருடைய துப்பாக்கிகளுக்குத் தொழிலாகச் செய்கிறவர் கூட்டாட்சி உரிமம் பெற்றிருக்க வேண்டும். நியூயார்க் நகரம் துப்பாக்கியைப் பொம்மை போலத் தோன்ற வைக்கும் நிறங்களுக்கே தடை விதித்திருக்கிறது. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கி பழுதுபார்ப்பதையும் உரிமத்துக்கு உட்பட்ட வேலையாக வைத்திருப்பதால், இங்குள்ள உரிமதாரர் உரிமம் பெற்ற கடையை நாடுவதே முறை.

இனி வேலைக்கு வரலாம். முதலில் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, தோட்டாக்களை அந்த அறையிலிருந்தே அப்புறப்படுத்திவிட வேண்டும். பிறகு முழுவதும் கழற்ற வேண்டும். கழற்றாமல் டேப் ஒட்டி அடித்தால் இடுக்குகளில் பூச்சு போகாது; துருவோ இடுக்கில்தான் முதலில் பிடிக்கும்.

அடுத்து வருவது எண்ணெய் நீக்கம். பூச்சு உரிந்துபோன துப்பாக்கிகளை ஆராய்ந்தால், குற்றவாளி பெரும்பாலும் பெயின்ட்டாக இருக்காது, அடியிலிருந்த எண்ணெயாகவே இருக்கும். காணொளிகளில் ஸ்ப்ரே அடிக்கும் காட்சியை நிதானமாகக் காட்டிவிட்டு, இந்தப் பகுதியைச் சில நொடிகளில் ஓட்டிவிடுகிறார்கள். நேரக் கணக்கில் இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும். பாகங்களை அசிட்டோனில் ஊற வைத்து, நைலான் பிரஷால் தேய்த்து எடுப்பது முதல் படி. எடுத்தபின் பார்த்தால் பளிச்சென்று இருக்கும், அதை நம்பிவிடக்கூடாது. ஷாட்கன்னின் ரிசீவரை அடுப்பில் தொங்கவிட்டு 150 டிகிரிக்கு ஏற்றினால் என்ன நடக்கிறது என்று கவனித்தால் போதும்: பின் துளைகளின் விளிம்பிலும், தோட்டாக்களை வைத்திருக்கும் மேகசின் குழாய் சேரும் இடத்திலும், திருகு மரைகளுக்குள்ளிருந்தும் பழுப்பு நிற எண்ணெய் கசிந்து வழியும். பல ஆண்டுகளாக ஊறிய எண்ணெய் அது. அதன்மேல் பூச்சு அடித்திருந்தால், பூச்சை அடுப்பில் சுடும்போது இதே எண்ணெய் படலத்துக்கு அடியில் வெளிவந்து, மீன்கண் போன்ற சிறு வட்டங்களை உண்டாக்கியிருக்கும். ஆகவே ஒரு மணி நேரம் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடியும் அசிட்டோனில் கழுவி, கசிவு நிற்கும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். பார்க்கரைசிங் செய்த பழைய பாகங்கள் எண்ணெயை நிறையக் குடித்திருக்கும் என்பதால் அவற்றுக்குப் பொறுமை இன்னும் அதிகம் வேண்டும். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். அதன் ஈரம் முழுவதும் ஆவியாகிப் போகாமல் எந்தப் பாகத்தையும் அடுப்புக்குள் வைக்கக்கூடாது.

சுத்தமாகிவிட்டதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. உலோகத்தின்மேல் நீரை ஊற்றினால் அது முறியாத ஒரே படலமாகப் பரவ வேண்டும்; முத்து முத்தாகத் திரண்டால் அங்கே எண்ணெய் இன்னும் இருக்கிறது. துகள் வீசும் வேலைக்கு முன்பே இச்சோதனையை முடித்து, எஃகை உடனே உலர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் சோதனையே துருவைக் கொண்டுவந்துவிடும்.

மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும் வேலைக்கு 100 முதல் 120 வரையிலான நெம்பர் அலுமினியம் ஆக்சைடு அல்லது கார்னெட் துகளை வீசுவார்கள்; எஃகுக்கு 80 முதல் 100 பி.எஸ்.ஐ. அழுத்தம், அலுமினியத்துக்கும் பாலிமருக்கும் அதைவிடக் குறைவு. கண்ணாடி மணித்துகள் இதற்கு ஆகாது. அது பரப்பைத் தட்டி மழமழப்பாக்குமே தவிரப் பூச்சு பிடித்துக்கொள்ளும் பல் உண்டாக்காது. ஆற்று மணலை வீசுவது நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கோசிஸ் நோயை வரவழைப்பதாகும். குழலின் இரு முனைகளையும் ரப்பர் அடைப்பான் கொண்டு மூடாமல் இந்த வேலையைத் தொடங்கக்கூடாது. துகள் வீசும் வசதி இல்லாதவர்கள் உப்புத்தாளால் தேய்ப்பதுண்டு. ஸ்ப்ரே டப்பா எப்பாக்சிக்கு அது ஓரளவு போதும், அடுப்பில் சுடும் பூச்சுகளுக்குப் போதாது. இந்தக் கட்டம் முதல் பாகங்களை வெறுங்கையால் தொடாமல், மாவு பூசாத நைட்ரைல் கையுறையோடு கையாள வேண்டும். வீசி முடித்த எஃகு நிர்வாணமாக நிற்பதால், ஈரமான நாளில் சில மணி நேரத்திலேயே துரு மேலெழும். அன்றைக்கே அடித்துவிட வேண்டும். உப்புக்காற்றில் புழங்கும் ஷாட்கன் என்றால், செலவைப் பார்க்காமல் இடையில் பாஸ்பேட் செய்து அதன்மேல் பூச்சு அடிப்பதையே நான் பரிந்துரைப்பேன். மேற்படலம் எங்கேனும் கீறினாலும் துரு பக்கவாட்டில் பரவாமல் அது தடுக்கும்.

அடிக்கும் வேலை ஒப்பீட்டளவில் சுருக்கமானது. பாகங்களைக் கம்பிக் கொக்கியில் தொங்கவிட்டு, டேப்பும் அடைப்பானும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, பூச்சை அடிவரை நன்றாகக் குலுக்கி, ஹார்டனரை அளவுக் குவளையில் அளந்து கலந்து, வடிகட்டி ஊற்ற வேண்டும். கண்ணளவில் கலப்பது பளபளப்பையும் உறுதியையும் மாற்றிவிடும். 0.8 மில்லிமீட்டர் அளவிலான சிறு முனை கொண்ட ஸ்ப்ரே கன் இதற்குப் பொருத்தம். முதலில் மூலைகளையும் துளை ஓரங்களையும் அடித்து, அதன்பின் அகன்ற பரப்புகளுக்கு வந்தால் வழிசல் குறையும். ஈரமாகத் தெரியும் அளவுக்கு ஒரு சீரான கை போதுமானது. இரு பாகப் பூச்சுகளின் ஹார்டனர் பலவற்றில் ஐசோசயனேட் இருக்கிறது; அது மூச்சுக்குழலை நிரந்தரமாகப் பாதிக்கக்கூடியது. சாதாரணத் துணி மாஸ்க் அதைத் தடுக்காது. கரிம ஆவிக்கான வடிகட்டி பொருத்திய முகமூடியோ வெளியிலிருந்து காற்று வரும் முகமூடியோ அணிந்து, காற்றோட்டமுள்ள இடத்தில்தான் அடிக்க வேண்டும். சுடுவதற்குப் பயன்படுத்திய அடுப்பில் பிறகு ரொட்டி வேகவைக்கக்கூடாது; பழைய அடுப்பொன்றைப் பட்டறைக்கென்றே ஒதுக்கிவிட வேண்டும்.

எந்தப் பூச்சு வாங்குவது என்று கணக்கிடும்போது, விளம்பரங்களில் வரும் உப்புத் தெளிப்புச் சோதனை மணி எண்ணிக்கையைச் சற்று எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். 5 சதவீத உப்புக் கரைசலை 35 டிகிரி வெப்பத்தில் தொடர்ந்து தெளித்துப் பார்க்கும் அந்தச் சோதனை, ஆய்வகத்தில் நன்கு தயார் செய்த தகட்டில் இரண்டு பூச்சுகளை ஒப்பிட உதவும். அதை வைத்து வேட்டைக் களத்தில் இத்தனை ஆண்டு தாங்கும் என்று கணக்குப் போட முடியாது.

பூச்சு முழுவதும் இறுகியபின் அடைப்பான்களைக் கழற்றி, குழல் வழியாக வெளிச்சத்தைப் பார்த்து, தடி ஒன்றை முழு நீளமும் செலுத்தி எதுவும் சிக்கவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். மறந்துபோன அடைப்பானோடு சுட்டால் குழல் வெடிக்கும். நகரும் பாகங்களை எண்ணெயிட்டுப் பொருத்தி, போலித் தோட்டாவைக் கொண்டு ஏற்றி இறக்கிப் பாதுகாப்பு விசையையும் சோதித்த பிறகே உண்மையான தோட்டாவைத் தொட வேண்டும். காற்றில் உலரும் வகையாக இருந்தால், அது முழு உறுதி அடையும் வாரங்களில் கடும் கரைப்பானால் வெளிப்புறத்தைத் துடைக்காமல் விட்டுவைக்க வேண்டும். முன்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் பம்ப் ஷாட்கன்னில், அந்தப் பிடி முன்னும் பின்னும் ஓடும் மேகசின் குழாயின்மேல் சில நாள்களில் நீளக் கோடுகள் விழும். எந்தப் பூச்சானாலும் அங்கே அது தேயும். அந்தக் குழாய்க்கும், பூச்சு படாத குழலின் உட்புறத்துக்கும் ஒவ்வொரு வேட்டைக்குப் பின்னும் எண்ணெய்த் துணி தேவைப்படும்.